பீரும் விமர்சனமும்: மைக்கேல் ஜாக்ஸனை முன்வைத்து

தாமஸ் ஹார்டி 1880இல் வெளியிட்ட ‘தி ட்ரம்பெட் மேஜர்’ நாவலில் பீரைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. டார்செஸ்டர் என்கிற நிஜ ஊரைக் காஸ்டர்பிரிட்ஜ் என்று பெயர் மாற்றி எழுதியவர் அவர். அந்த ஊரில் காய்ச்சிய கெட்டி பீரின் நிறம், கனம், துள்ளல், உறைப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் அது தலைக்கேறும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார். கதை நகர அந்தப் பத்தி தேவையில்லை. எழுதுகிற சந்தோஷத்துக்காக எழுதப்பட்டது. ஹார்டி இறந்து நாற்பது வருஷம் கழித்து, 1968இல், டார்செஸ்டரிலேயே இருந்த எல்ட்ரிட்ஜ் போப் என்ற ஆலை அந்தப் பத்தியை எதிரில் வைத்துக்கொண்டு ஒரு பீர் காய்ச்சியது. ‘தாமஸ் ஹார்டிஸ் ஏல்’ என்று பெயர். சாதாரண பீரைப் போல இரண்டு மூன்று மடங்கு போதைச் சத்து; வருஷம் பொறித்த சிறு புட்டிகள்; வாங்கியவுடன் திறக்காமல் வருஷக்கணக்கில் வைத்திருந்து குடிக்க வேண்டியது. நினைவு விழாவுக்கென்று செய்தது, கேட்பவர்கள் இருந்ததால் தொடர்ந்தது. எல்ட்ரிட்ஜ் போப் 1999இல் கடைசியாக அதைக் காய்ச்சியது. பிறகு வேறு ஆலைகள் எடுத்துச் செய்தன.

வஸ்துவைப் பார்த்து வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். இங்கே வார்த்தையைப் பார்த்து வஸ்து செய்திருக்கிறார்கள். க்ராஃப்ட் பீர் என்று இப்போது பெயர் பெற்றிருக்கிற சிறு ஆலைச் சரக்கையும், அதைச் சொட்டுச் சொட்டாக ருசித்து மதிப்பெண் போடும் வழக்கத்தையும் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, இந்தத் தலைகீழ் திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டது. என் அக்கறை குடியில் அல்ல, விமர்சனத்தில். இந்தக் கட்டுரையில் வரும் பீர்களில் பலவற்றை நான் ருசித்ததில்லை. அவற்றைப் பற்றி எழுதப்பட்டதைத்தான் ருசித்திருக்கிறேன். சிறுபத்திரிகை வாசகனுக்கு இது புதிய நிலைமை அல்ல. கிடைக்காத புத்தகங்களைப் பற்றி அவற்றின் விமர்சனங்கள் வழியாகவே அபிப்பிராயம் வைத்துக்கொண்டு பல காலம் வாழ்ந்தவர்கள் நாம்.

நம் ஊரில் பீரைப் பற்றிக் கடை ஜன்னலில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. ஸ்ட்ராங்கா, லைட்டா? கூலிங் இருக்கா? சுவை பற்றிய கேள்வி இரண்டிலும் இல்லை. போதும் போதாதற்குக் கூலிங், இருக்கிற சுவையையும் மரத்துப் போகச் செய்கிறது. எப்போதும் இப்படி இருந்தது என்றும் சொல்ல முடியாது. கள், நறவு, தேறல், தோப்பி, பிழி, மட்டு என்று பழைய இலக்கியத்தில் பெயர்கள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு வருகிற இடத்தில், அரிசிக் கூழை ஆறவைத்து, அடை சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் செய்முறை இருக்கிறது. தானியத்தில் செய்தது, அந்த வகையில் பீருக்கு அண்ணன் முறை. புலவனுக்கு அதைச் சொல்ல வார்த்தை இருந்தது, சொல்லலாம் என்ற எண்ணமும் இருந்தது. இரண்டாவதுதான் முக்கியம்.

பீருக்கு மதிப்பெண் என்றதும் இது ஏதோ நேற்றைய கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று தோன்றும். எண் பீருக்குள் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டில். லண்டனில் அப்போது ராஜ்யம் நடத்தியது போர்ட்டர் என்ற கறுத்த பீர். சுமை கூலிக்காரர்கள் குடித்ததால் வந்த பெயர். விறகுத் தீயில் உலர்த்திய பழுப்பு மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, அதன் மூலப்பொருள். அது மலிவு. 1784இல் ஜான் ரிச்சர்ட்ஸன் என்பவர் சாக்கரோமீட்டர் என்ற மிதவைக் கருவியைப் பற்றிப் புத்தகம் எழுதினார். மால்ட்டைக் கரைத்த தண்ணீரில் கருவியை மிதக்கவிட்டால் அதில் எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்கியிருக்கிறது என்று அளவுகோல் சொல்லிவிடும். ஆலைக்காரர்கள் அளந்தார்கள். மலிவான பழுப்பு மால்ட்டிலிருந்து இறங்கும் சத்து மிகக் குறைவு, விலை கூடிய வெளிர் மால்ட்டிலிருந்து மிக அதிகம், கணக்குப் போட்டால் வெளிர் மால்ட்தான் லாபம் என்று தெரிந்தது. மெல்ல மெல்ல வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். பிறகுதான் சங்கடம். போர்ட்டர் கறுப்பாக இல்லை. கருகிய சர்க்கரையையும் இன்னும் எதையெதையோ சேர்த்துப் பார்த்தார்கள், சட்டம் தடுத்தது. 1817இல் டேனியல் வீலர் என்பவர் காப்பிக்கொட்டை வறுக்கும் உருளையைப் போன்ற ஒன்றில் மால்ட்டைக் கறுக்க வறுத்துக் காப்புரிமை வாங்கினார். ஒரு பிடி போட்டால் பீப்பாய் கறுக்கும்.

ஆக 1780இன் போர்ட்டரும் 1830இன் போர்ட்டரும் பெயரிலும் நிறத்திலும் ஒன்று, உள்ளே வேறு. மாற்றியது ருசி பார்த்தவன் அல்ல, அளந்தவன். பழையது எப்படி இருந்தது என்பதற்கு ஆலைக் கணக்குப் புத்தகங்களில் சாட்சி உண்டு. எத்தனை மூட்டை, எத்தனை பீப்பாய், என்ன விலை. நாக்குக்கு என்ன தெரிந்தது என்பதற்கு எழுத்துச் சாட்சி மிகக் குறைவு. இத்தனைக்கும் இங்கிலாந்தின் பெரிய இலக்கிய விமர்சகன் ஒருவன் போர்ட்டர் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். டாக்டர் ஜான்ஸனின் நண்பர் ஹென்றி த்ரேல், சௌத்வர்க்கில் பெரிய ஆலைக்குச் சொந்தக்காரர். 1781இல் அவர் இறந்தபோது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்களில் ஜான்ஸனும் ஒருவர். ஆலை 1,35,000 பவுனுக்கு விலை போனது. ஷேக்ஸ்பியரின் வார்த்தைகளையெல்லாம் நிறுத்துப் பார்த்தவருக்கு, அங்கே காய்ந்துகொண்டிருந்ததன் சுவையை நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. குறை சொல்லவில்லை. அது விமர்சனத்துக்குரிய வஸ்துவாக அன்று இல்லை, அவ்வளவுதான். ஒயினுக்கு இருந்த அந்தஸ்து பீருக்குக் கிடையாது.

எண்ணின் கைவரிசை பிறகு பெருகியது. பிராகில் பாலிங் என்ற ரசாயனப் பேராசிரியர் சர்க்கரைச் சத்துக்கு டிகிரி அளவு வகுத்தார். செக் நாட்டில் பத்து, பன்னிரண்டு என்று எண்ணைச் சொல்லியே பீர் கேட்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. டப்ளினில் கின்னஸ் ஆலை 1899இல் கோஸெட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரியை வேலைக்கு எடுத்தது. பார்லியிலும் ஹாப்ஸிலும் சில சோதனைகளை மட்டும் செய்துவிட்டு அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அவர் பிரச்னை. 1908இல் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்று புள்ளியியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கிற ‘டி’ சோதனைக்கு மூலம். புனைபெயருக்குக் காரணம் ஆலையின் ரகசியக் கட்டுப்பாடு. சிறுபத்திரிகைக்காரனுக்குப் புனைபெயர் தேவைப்படும் காரணங்களோடு ஒப்பிட்டால் கௌரவமான காரணம்.

ருசிக்கு வார்த்தை வேண்டும் என்ற நெருக்கடி எழுந்தது 1960களின் இங்கிலாந்தில். சிறு ஆலைகளைப் பெரிய ஆலைகள் விழுங்கி, கடைசியில் ஆறு பெரிய நிறுவனங்கள் பெரும்பகுதி சந்தையைப் பிடித்துக்கொண்டன. பழைய முறையில் பீர் மதுக்கடையின் நிலவறைப் பீப்பாயில் கடைசிவரை உயிரோடு இருக்கும். ஈஸ்ட் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். பக்குவம் தெரிந்த கடைக்காரன் வேண்டும். புதிய முறையில் வடிகட்டி, சூடாக்கி ஈஸ்ட்டைக் கொன்று, உலோகப் பீப்பாயில் அடைத்து, வாயு ஏற்றிக் குளிரவைத்து அனுப்பிவிடலாம். யாரும் கெடுக்க முடியாது, யாரும் நன்றாக்கவும் முடியாது. வாட்னி நிறுவனத்தின் ‘ரெட் பாரல்’ இதற்கு அடையாளமாக ஆனது. 1971இல் அயர்லாந்தின் கெர்ரிப் பகுதிக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கில இளைஞர்கள், டன்க்வின் என்ற கடலோரச் சிற்றூர் மதுக்கடையில் உட்கார்ந்து, இதற்கு எதிராக ஒரு இயக்கம் தொடங்குவது என்று தீர்மானித்தார்கள். காம்ரா என்று சுருக்கப் பெயர். பிறகு அது லட்சத்துக்கு மேல் உறுப்பினர் கொண்ட ஸ்தாபனமாக வளர்ந்தது. 1974இல் அவர்கள் வெளியிட்ட ‘குட் பீர் கைட்’ அச்சாகி வந்தபோது வாட்னிக்கு நேரே கொள்ளைநோயைக் குறிப்பிட்டு ஒரு எச்சரிக்கை இருந்தது. வழக்கு வரும் என்ற பயத்தில் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்று, கொள்ளைநோயை மட்டும் எடுத்துவிட்டு, விலகி இருக்கும்படி சொன்னதை அப்படியே வைத்து மறுபடி அச்சிட்டார்கள்.

இந்த இயக்கத்தை நான் மதிக்கிறேன். அதன் விமர்சனத்தைப் பற்றி அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. உயிருள்ள பீர் நல்லது, செத்த பீர் கெட்டது. இது நிலைப்பாடு, போராட்டத்துக்குப் போதும், ரசனைக்குப் போதாது. உயிருள்ள பீரிலேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம், ஏன் வித்தியாசம் என்று சொல்ல வேறு ஒருவன் தேவைப்பட்டான்.

மைக்கேல் ஜாக்ஸன் 1942இல் யார்க்‌ஷையரில் வெதர்பி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனார் வழி லிதுவேனிய யூத வம்சம். பதின்வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். (பாடகர் மைக்கேல் ஜாக்ஸனோடு பெயர்ப் பொருத்தம் அவரை ஆயுள் முழுக்கத் துரத்தியது, அவரும் அதை வைத்து ஆயுள் முழுக்க வேடிக்கை செய்தார்.) 1977இல் வெளியானது அவருடைய ‘தி வேர்ல்ட் கைட் டு பீர்’. உலக பீர்களைப் பற்றி முன்பும் புத்தகங்கள் இருந்தன, பெரும்பாலும் ஆலைகளின் விலாசப் புத்தகங்கள். ஜாக்ஸன் செய்தது இரண்டு காரியம். எது எந்த ஊரில், எந்தத் தண்ணீரில், எந்தத் தொழிலாளிக்காக, எந்தப் பருவத்தில் உருவாயிற்று என்று ஒவ்வொரு பீருக்கும் ஒரு சரித்திரம் சொன்னார். பிறகு அவற்றை ‘ஸ்டைல்’ என்ற சொல்லின் கீழ் இனம் பிரித்தார். போர்ட்டர், ஸ்டவுட், கோதுமை பீர், பெல்ஜியத்தில் காற்றில் வரும் ஈஸ்ட்டாலேயே புளிக்கிற லாம்பிக், மடாலயத் துறவிகள் காய்ச்சும் ட்ராப்பிஸ்ட். இன்று இந்தப் பட்டியல் எந்த மதுக்கடைச் சுவரிலும் தொங்குகிறது. அன்று அந்தப் பெயர்களில் பல அந்தந்த மாவட்டத்தைத் தாண்டாதவை. மேற்கு ஃப்ளாண்டர்ஸின் சிவந்த புளிப்பு பீரை அவர் பர்கண்டி ஒயினோடு ஒப்பிட்டார். பீரை உயர்த்த ஒயினைத் துணைக்கு அழைப்பது கொஞ்சம் தாழ்வு மனப்பான்மைதான், ஷேக்ஸ்பியரை இழுத்துவந்து கம்பனை உயர்த்திய நம் முன்னோர்கள் செய்தது போல. ஆனால் வேறு மொழி அன்று யாரிடமும் இல்லை.

புத்தகம் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். ஓட்ஸ் சேர்த்துக் காய்ச்சும் ஸ்டவுட் இங்கிலாந்தில் 1970களின் மத்தியில் ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. கடைசியாகச் செய்தவர்களில் ஒருவர், நாம் முதலில் பார்த்த எல்ட்ரிட்ஜ் போப். ஜாக்ஸன் புத்தகத்தில் அதைப் பற்றி வந்த குறிப்பைப் படித்த சார்ல்ஸ் ஃபிங்கல் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், யார்க்‌ஷையரின் டாட்காஸ்டரில் இருக்கும் சாமுவேல் ஸ்மித் ஆலையிடம் அப்படி ஒன்று செய்து தரச் சொன்னார். 1980இல் அது வந்தது. செத்துப்போன பீர் ஒன்று நாலு வரிக் குறிப்பிலிருந்து எழுந்து வந்து, பிறகு அமெரிக்காவெங்கும் சிறு ஆலைகள் அதைப் பார்த்துக் காய்ச்சின. ஹார்டியின் பத்தி நடத்திய அதே அற்புதம், இந்தத் தடவை நாவலாசிரியன் இல்லாமல் விமர்சகன் வழியாக. தெற்கே, இலங்கையின் நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டுத் தோட்ட துரைமார்களுக்காகத் தொடங்கிய ஆலையின் ‘லயன் ஸ்டவுட்’டை ஜாக்ஸன் புகழ்ந்து எழுதினார். நுவரெலியாவைத் தேயிலையோடும், அந்த மலையில் முதுகொடிந்த நம் மக்களோடும் மட்டும் சேர்த்து நினைக்கும் நமக்கு, அங்கே உலகத் தரத்தில் ஒரு கறுப்பு பீர் இருந்தது என்பது செய்தி. ஆலை அவருடைய பாராட்டைத் தன் டப்பாவிலேயே அச்சிட்டது. விமர்சகனின் வாக்கியம் சரக்கின் மேல் ஒட்டப்படுகிற இந்த இடத்தில்தான் ஏதோ திரும்புகிறது என்று எனக்குப் படுகிறது.

1982இல் ஜாக்ஸன் சட்டைப்பையில் அடங்கும் சிறு கைட் ஒன்று வெளியிட்டார். அதில் பீர்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை நட்சத்திரம். 1989இல் அவர் எழுதிய மால்ட் விஸ்கிப் புத்தகத்தில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். அமெரிக்காவில் ராபர்ட் பார்க்கர் 1978இலிருந்து ஒயினுக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பெரும் செல்வாக்கு அடைந்திருந்த காலம் அது. ஜாக்ஸனின் வர்ணனையைப் படித்தால் நட்சத்திரம் தேவையில்லை. ஆனால் கடையில் நிற்கிறவனுக்கு வர்ணனை படிக்க நேரமில்லை, நட்சத்திரத்தை எண்ண நேரமிருக்கிறது.

நம்மிடமும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. க.நா.சு. பட்டியல் போட்டார். தேர்ந்த ரசிகனின் நாக்கு நல்லது என்று சொன்னால் அது நல்லது. ஏன் என்று விளக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை, நீயே படித்துப் பார் என்பது அவர் கட்சி. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’வைத் தொடங்கி, அலசிக் காட்டு, வரியைப் பிரித்துக் காட்டு, அபிப்பிராயம் மட்டும் விமர்சனம் ஆகாது என்றார். நான் நெடுங்காலம் செல்லப்பா கட்சி. இப்போது யோசித்தால் க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு ஆள் இருந்தார்; அவர் படித்தது என்ன, அவருடைய பிடிவாதங்கள் என்ன என்பது நமக்குத் தெரியும்; பட்டியலோடு சண்டை போடலாம். ஜாக்ஸனின் நட்சத்திரமும் அப்படித்தான். ஆள் இல்லாத பட்டியல்தான் பயம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகை பத்துக் கவிதைத் தொகுதிகளை அனுப்பி, கட்டுரை வேண்டாம், ஐந்துக்கு எத்தனை என்று மட்டும் போட்டு அனுப்புங்கள் என்றது. தொகுதிகளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்வது அங்கே மதுவிலக்குக் காலத்திலிருந்து சட்ட விரோதமாகவே இருந்தது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதை மாற்றியது. சான்ஃப்ரான்ஸிஸ்கோவில் ஃப்ரிட்ஸ் மேடாக் 1965இல் மூழ்கப்போன ஆங்கர் ஆலையை வாங்கி நிமிர்த்தியிருந்தார். 1976இல் ஜாக் மெக்காலிஃப் நியூ ஆல்பியன் தொடங்கி ஆறு வருஷத்தில் மூடினார். 1980இல் கலிஃபோர்னியாவின் சிக்கோவில் ஸியரா நெவாடா. இவர்கள் கையில் ஜாக்ஸனின் புத்தகம் வரைபடமாக இருந்தது. தாங்கள் பார்த்திராத ஊரின் குடித்திராத பீரை வர்ணனை படித்துக் காய்ச்சினார்கள். கிடைத்தது வேறொன்று, அமெரிக்க ஹாப்ஸின் எலுமிச்சை வாசமும் கசப்பும் தூக்கலான ஒன்று. தப்பாகப் படித்ததிலிருந்து சொந்த சிருஷ்டி பிறந்தது. எலியட்டைப் படித்துப் புதுக்கவிதை எழுத வந்த நம் ஆட்களுக்கு இது புரியும்.

வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பெருகியதும் போட்டிகள் வந்தன. நடுவர்கள் வேண்டும், நடுவர்களுக்குப் பரீட்சை வேண்டும். 1985இல் பீர் நடுவர்களுக்கென்று ஒரு சான்றிதழ்த் திட்டம் ஏற்பட்டது. அதன் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் படும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. மொத்த அபிப்பிராயத்துக்கே பத்து கொடுத்தது புத்திசாலித்தனம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பீர் நன்றாக இருக்கிறதா என்பதற்கு முன்னால், அது அந்த ஸ்டைலுக்குச் சரியாக இருக்கிறதா என்று கேட்கப்படுகிறது. இன்ன நிறத்திலிருந்து இன்ன நிறம் வரை, இன்ன கசப்பிலிருந்து இன்ன கசப்பு வரை என்று விதிப் புத்தகம். ஜாக்ஸன் கிராமம் கிராமமாக அலைந்து பொறுக்கி வைத்த பெயர்கள் இலக்கணமாகிவிட்டன. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் என்பது பழைய வாய்ப்பாடு; இப்போது இலக்கணம் கண்டு இலக்கியம் காய்ச்சினார்கள்.

விஞ்ஞானிகள் இன்னும் நிதானமாக இருந்தார்கள். 1979இல் டென்மார்க்கைச் சேர்ந்த மைல்கார்ட் என்ற ரசாயன நிபுணர் முன்னின்று ஒரு சுவைச் சக்கரம் வகுத்தார். 14 வகுப்புகள், 122 தனித்தனிச் சுவைகள். வெண்ணெய் வாசனை வந்தால் அதற்குக் காரணமான டையசெட்டில், பழசாகி ஈர அட்டை வாசனை அடித்தால் அதற்கு ஒரு பொருள், பவேரியாவின் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தால் அவை ஈஸ்ட் தந்தவை. அந்தச் சக்கரத்தில் ‘நல்லது’ என்ற சொல் இல்லை. ‘கெட்டது’ம் இல்லை. என் பார்வையில் பீர் பற்றி எழுதப்பட்டதில் கண்ணியமான ஒன்று அது. வாழைப்பழம் மணக்கிறது என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. மணக்கலாமா கூடாதா என்பதை உன்னிடம் விடுகிறது.

1990களின் பின்பாதியில் தீர்ப்பு எல்லோர் கைக்கும் வந்தது. 2000இல் தொடங்கிய ‘ரேட்பீர்’ போன்ற இணையத் தொகுப்புகளில் குடித்தவன் எவனும் மதிப்பெண் போடலாம். கூட்டி வகுத்தால் உலக வரிசை. ஜனநாயகம் என்று முதலில் எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் வரிசையின் உச்சியில் யார் போய் உட்கார்ந்தார்கள் என்று பாருங்கள். எரிந்த மரம் போல் கறுத்து, பத்து பன்னிரண்டு சதவீதம் போதைச் சத்துள்ள இம்பீரியல் ஸ்டவுட்கள், கசப்பு இரட்டித்த ஐபிஏக்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு மதிப்பெண் போடுகிறவனிடம் கத்துகிற பீர் ஜெயிக்கும். இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில் சுரங்கத்தொழிலாளியும் பட்டறைத்தொழிலாளியும் சாயங்காலம் நாலு பைண்ட் குடிக்கவென்று ஏற்பட்ட மைல்ட் என்ற இளகிய பழுப்பு பீர் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்காது. அதன் அழகு நாலாவது பைண்ட்டில் தெரிவது. காம்ரா வருஷந்தோறும் தேர்ந்தெடுக்கும் பிரிட்டனின் சிறந்த பீராக 2000இல் மூர்ஹவுஸின் ‘பிளாக் காட்’, 2007இல் ஹாப்ஸன்ஸ் ஆலையின் மைல்ட், 2009இல் ரட்கேட்டின் ‘ரூபி மைல்ட்’ வந்தன. ஹாப்ஸன்ஸ் மைல்டில் போதைச் சத்து மூன்றேகால் சதவீதம்கூடக் கிடையாது. காம்ராவின் விமர்சனத்தை மேலே குறைவாகச் சொன்னேன். அவர்கள் நாக்குக்கு இந்த மூன்று வருஷங்களுக்காக வணக்கம்.

பெல்ஜியத்தின் வெஸ்ட்ஃப்ளெடரன் ஊரில் ஸிந்த் ஸிக்ஸ்டஸ் மடாலயம் இருக்கிறது, 1831இல் ஏற்பட்டது. துறவிகள் காய்ச்சும் பன்னிரண்டாம் எண் பீரின் புட்டியில் வெகுகாலம் லேபிளே கிடையாது. மூடியின் நிறமும் அதில் உள்ள எழுத்தும்தான் அடையாளம். மடத்து வாசலில் மட்டும் விற்பனை. 2005இல் ரேட்பீர் அதை உலகின் முதல் பீர் என்று அறிவித்தது. செய்தித்தாள்கள் எடுத்துப் போட்டன. மடத்துச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் கார்கள். சரக்கு தீர்ந்தது. வேறு எந்த ஆலையாக இருந்தாலும் மறுவருஷம் இரண்டு மடங்கு காய்ச்சியிருக்கும். துறவிகள் மறுத்தார்கள். மடத்தை நடத்தத் தேவையான அளவுக்குத்தான் காய்ச்சுவோம், அதற்கு மேல் இல்லை என்றார்கள். தொலைபேசியில் முன்பதிவு, கார் எண்ணைக் குறித்துக்கொள்வது, ஒருவருக்கு இத்தனை பெட்டி என்று கட்டுப்பாடு, மறு விற்பனை கூடாது என்று வேண்டுகோள். 2012இல் கட்டிடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டி ஒரு தடவை வெளிநாடுகளில் விற்றார்கள். பணம் சேர்ந்ததும் நிறுத்தினார்கள். மதிப்பெண் வாங்கியவன் மதிப்பெண்ணுக்குக் கீழ்ப்படிய மறுத்த சம்பவம் இந்தச் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் இவ்வளவு துல்லியமாக நடந்தது.

மற்ற இடங்களில் முடிவு இன்னொரு மாதிரி. ஹூகார்டன் கிராமத்தின் கோதுமை பீர் 1950களில் அதன் கடைசி ஆலையோடு அழிந்துபோனது. அங்கே சிறு வயதில் வேலை பார்த்த பால்காரர் பியர் செலிஸ் 1966இல் ஞாபகத்திலிருந்து அதை மறுபடி காய்ச்சினார். ஜாக்ஸன் அதைக் கொண்டாடினார். 1985இல் ஆலை எரிந்தது. திரும்பக் கட்டப் பெரிய நிறுவனம் பணம் கொடுத்தது, பிறகு ஆலையே அதனுடையது ஆயிற்று. செலிஸ் அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் போய் 1992இல் அங்கே தொடங்கினார், அதுவும் மில்லர் நிறுவனத்திடம் போய் மூடப்பட்டது. ஹூகார்டன் ஆலையையே மூடி வேறு ஊரில் காய்ச்சலாம் என்று 2005இல் இன்பெவ் முடிவு செய்தது, ஊரார் எதிர்த்தார்கள், 2007இல் முடிவு கைவிடப்பட்டது. அந்த இன்பெவ் வளர்ந்து ஏபி இன்பெவ் என்ற பெயரில் உலகத்திலேயே பெரிய பீர் நிறுவனமான பிறகு, அதன் கிளை ஒன்று ரேட்பீரில் பங்கு வாங்கியிருப்பது 2017இல் தெரியவந்தது. டாக்ஃபிஷ் ஹெட் ஆலையின் சாம் காலஜியோன் தங்கள் பீர்களுக்கு அங்கே உள்ள மதிப்பெண்களை எடுத்துவிடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார். 2019இல் முழுவதையும் வாங்கிக்கொண்டார்கள். காய்ச்சுகிறவனே தராசையும் வைத்துக்கொள்வது நமக்குப் பழக்கமானதுதான். பதிப்பகம், பத்திரிகை, பரிசு மூன்றும் ஒரே முதலாளியிடம் இருக்கிற ஊர்களில் எழுதி வந்தவர்கள் நாம்.

2025 பிப்ரவரி 1ஆம் தேதி ரேட்பீரை மூடிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷங்களாக உலகின் பல ஊர்களிலிருந்து ஆட்கள் எழுதிச் சேர்த்த லட்சக்கணக்கான குறிப்புகள். எண்களுக்குக் கீழே, எண்ணைத் தேடி வந்தவர்கள் படிக்காமல் போன இடத்தில், ஈர வைக்கோல், கருகிய ரொட்டி, மழைக்குப் பிந்திய மண் என்று யாரோ ஒருவர் நாக்கில் துழாவிக் கண்டுபிடித்த வார்த்தைகள் இருந்தன.

ஜாக்ஸன் 2007 ஆகஸ்ட்டில் லண்டனில் இறந்தார். பல வருஷங்களாகப் பார்க்கின்ஸன் நோய். கை நடுங்கியதைக் குடியின் விளைவு என்று நினைத்தவர்களுக்கு நோயைப் பற்றிச் சொல்லியே எழுதினார். அவருடைய புத்தகங்களும் காகிதங்களும் ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. ருசி பார்த்தபோது அவர் எழுதிக்கொண்ட குறிப்பேடுகளும் அவற்றில் உண்டு.